பதினேழாம் எண்

எங்கள் ஊரில் பிளஸ் டூ ரிசல்ட் எப்போதும் வீட்டில் காசில்லாத நாளாகப் பார்த்துத்தான் வரும். ஏப்ரல் 15ஆம் தேதி விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிடும். இப்போது 61 நாள். நான் படித்தபோது 45 நாள். படகுகளைக் கரையேற்றிப் பலகை மாற்றி பெயின்ட் அடித்துக்கொண்டிருப்பார்கள். கூலிக்குக் கடலுக்குப் போகிறவர்கள் கடன் சொல்லி அரிசி வாங்கிக்கொண்டிருப்பார்கள். ரிசல்ட் மே மாதத்தில். பையன் பாஸானால் கல்லூரியில் கட்டப் பணம் இருக்காது. ஃபெயிலானால் திட்டுவதற்கு அப்பா நாள் முழுக்க வீட்டிலேயே இருப்பார்.

பாம்பன் தெற்குவாடியில் 2010 மே மாதம் எனக்கு வாய்த்தது இரண்டாவது.

அப்பா வலை பின்னிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமல் கேட்டார்.

"கணக்குல எத்தனை?"

"நாப்பத்தொம்பது."

"நூத்துக்கா?"

"எரநூத்துக்கு."

"எத்தனை எடுத்தா பாஸு?"

"எழுவது."

அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. ஊசிக்கோலில் நூலைச் சுற்றிக்கொண்டு அடுத்த கண்ணிக்குப் போய்விட்டார். அடித்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

மொத்தம் 1200க்கு 583. தமிழ் 138, உயிரியல் 111. மற்றதெல்லாம் நூறைத் தொடவில்லை. இயற்பியலில் 98 என்றால் ஏதோ இருக்கிறதே என்று தோன்றும். அதில் 48 செய்முறைத் தேர்வில் போட்டுக் கொடுத்தது. அதைக் கழித்துவிட்டுப் பாருங்கள், என் யோக்கியதை தெரியும்.

பள்ளியில் கணக்கு வாத்தியார் பணியிடம் பாதி வருஷம் காலியாக இருந்தது உண்மை. எல்லோரிடமும் அதைத்தான் சொன்னேன். ஆனால் அதே வகுப்பில் அதே காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டு படித்தவர்களில் முக்கால்வாசிப் பேர் பாஸ். எங்கள் பக்கம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி என்று வாரம் மூன்று நாள் கடலுக்குப் போகும். சனிக்கிழமை போன படகு ஞாயிறு விடியலில் வந்துவிடும். மீன் இறக்கி, இறால் தனியாக, கணவாய் தனியாக, நண்டு தனியாகப் பிரித்துக் கொடுத்தால் கையில் நூறு, நூற்றைம்பது கிடைக்கும். கறிக்கு மீனும் கிடைக்கும். பன்னிரண்டாம் வகுப்பு முழுக்க என் ஞாயிற்றுக்கிழமைகள் இப்படித்தான் போயின. வீட்டில் யாரும் போகச் சொல்லவில்லை. காசு பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

ரிசல்ட் வந்த வாரத்தில் ஆளாளுக்கு ஒரு வழி சொன்னார்கள். டீக்கடையில் ஒரு பெரியவர், "கலாம் பொறந்த மண்ணுல பொறந்துட்டு கணக்குல ஃபெயிலாடா?" என்றார். எங்கள் ராமேஸ்வரம் தீவில் பிறந்தவனுக்கு இது ஒரு தனி வரி. கட்டாமல் யாரும் தப்ப முடியாது. பெரியப்பா, சவூதியில் மீன்பிடிப் படகுக்கு ஆள் எடுக்கிறார்கள், பாஸ்போர்ட் எடு என்றார். இன்னொருவர், பிளஸ் டூவே வேண்டாம், திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாக டிகிரி வாங்கிவிடலாம் என்றார். நல்லவேளை, அந்தப் பக்கம் போகவில்லை. பத்து, பன்னிரண்டு, அப்புறம் டிகிரி என்ற வரிசையில் வராத பட்டம் தமிழ்நாட்டில் அரசு வேலைக்கு ஆகாது. அப்படி வாங்கி வைத்துக்கொண்டு பின்னால் அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மாட்டிக்கொண்டது வேறு இடத்தில். ராமநாதபுரத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடி அறை. 'அட்மிஷன் வழிகாட்டி' மாதிரி ஏதோ ஒரு போர்டு. உள்ளே டை கட்டிய ஒருவர். "ஃபெயில்னா என்ன தம்பி? சீட்டை இப்பவே பிடிச்சு வச்சிருவோம். உடனடித் தேர்வுல பாஸானதும் வந்து உக்காந்துக்க." முன்பணம் மூவாயிரம். அம்மா தோட்டைக் கழற்றி அடகு வைத்துக் கொடுத்தார். ஜூலையில் நான் திரும்பப் போனபோது அந்த மாடியில் செல்போன் ரிப்பேர் கடை இருந்தது.

கலாம் சென்னை எம்.ஐ.டி.யில் சேர்வதற்கு அவருடைய அக்கா தன் தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்துப் பணம் கொடுத்த கதை எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் எல்லோருக்கும் மனப்பாடம். காந்தி ஜெயந்திக்கும் குடியரசு தினத்துக்கும் யாராவது ஒருவர் மைக்கில் சொல்வார். என்னைப் பொறுத்தவரை அந்தக் கதையின் நாயகி அந்த அக்காதான். அவருடைய நகை போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. எங்கள் அம்மாவின் தோடு மாடிப்படி ஏறியதோடு சரி.

உடனடித் தேர்வு ஜூன் கடைசியில். நாலைந்து வாரம்தான் இருந்தது. இரண்டு வீடு தள்ளி ஒரு அக்கா பி.எஸ்சி. கணிதம் முடித்துவிட்டு பி.எட். சேரக் காத்திருந்தார். அம்மா போய்ச் சொல்லியிருக்கிறார். ஒருநாள் அக்காவே வந்து, "உன் புக்க எடுத்துட்டு வா" என்றார்.

வீட்டுக்குள் உட்கார முடியாது, புழுக்கம். கரையில் ஏற்றி நிறுத்திய படகின் நிழலில்தான் டியூஷன். கச்சான் காற்று தொடங்கியிருந்தது. தாள் பறக்காமல் இருக்க ஒரு பக்கம் சங்கு, ஒரு பக்கம் ஈயக்குண்டு. முதல் நாள் அக்கா பாடமே எடுக்கவில்லை. பழைய வினாத்தாளைப் பிரித்து வைத்துக்கொண்டு கடை வரவு செலவு மாதிரிக் கணக்குப் போட்டார்.

"ஒரு மார்க் நாப்பது. ஆறு மார்க் பத்து எழுதணும். பத்து மார்க் பத்து. மொத்தம் எரநூறு. உனக்கு வேண்டியது எழுவதுதான். எரநூறுக்கும் படிக்காத. வகைக்கெழுச் சமன்பாட்டைத் தொடாத, உனக்கு ஆகாது. புத்தகத்துக்குப் பின்னாடி இருக்கிற ஒரு மார்க்கு எல்லாத்தையும் நெட்டுரு போடு. அணிக்கோவை, தனிநிலைக் கணக்கியல், பகுமுறை வடிவியலில் பரவளையம் மட்டும். முடிஞ்சா நிகழ்தகவு."

எனக்கு அது பெரிய அதிர்ச்சி. படிப்பில் இப்படி ஒரு பேரம் உண்டு என்று யாரும் அதுவரை சொல்லவில்லை. எல்லாம் படி, நன்றாகப் படி, கவனித்துப் படி என்றுதான் கேட்டிருந்தேன். எதை விட வேண்டும் என்று சொன்ன முதல் ஆள் அவர்தான். கடலில் இது எங்களுக்குத் தெரிந்ததுதானே? எல்லா இடத்திலும் வலை விட மாட்டோம். கடலுக்கடியில் பார், அதாவது பாறை, இருக்கும் இடத்தில் விட்டால் வலைதான் கிழியும். ஒரு மாதம் மெய் அட்டவணை போட்டேன், சரி தவறு சரி தவறு என்று நோட்டுப் புத்தகம் நிறைய. பரவளையக் கணக்கில் தொங்கு பாலம் வரும். கேபிள் பரவளைய வடிவில் தொங்குகிறது, நடுவிலிருந்து இத்தனை மீட்டரில் உயரம் என்ன என்று. நிமிர்ந்தால் தூரத்தில் பாம்பன் பாலம். அதில் கேபிளும் இல்லை, பரவளையமும் இல்லை. 1914இலிருந்து தூணில் நின்ற பழைய ரயில் பாலம் அது, அப்போது நடுவில் திறந்து மூடும். "அதைப் பாக்காத, இதைப் பாரு" என்பார் அக்கா.

77 வாங்கினேன். மொத்தம் 611 ஆனது. ரிசல்ட் வந்தபோது ஜூலை முடியப்போகிறது. கல்லூரிகள் திறந்து ஒரு மாதம் தாண்டியிருந்தது.

இங்கேதான் எனக்குத் தெரியாத ஒரு சங்கதி இருந்தது. எனக்கு மட்டுமல்ல, தெற்குவாடியில் யாருக்கும் தெரியாது. மாவட்டத்தில் ஒரு அரசுக் கல்லூரிக்குப் போய்க் கேட்டேன். கவுன்ட்டரில் இருந்தவர் என் கையில் இருந்த இரண்டு மதிப்பெண் பட்டியலையும் பார்த்தார். மார்ச்சுக்கு ஒன்று, உடனடித் தேர்வுக்கு ஒன்று. "ரெண்டு ஷீட்டா? அட்மிஷன் முடிஞ்சு போச்சுப்பா" என்று ஜன்னலுக்குள்ளேயே திருப்பித் தள்ளினார். அந்த இரண்டு தாள்கள் அதற்குப் பிறகு என்னை விட்டதே இல்லை. இன்றைக்கும் எங்கே சான்றிதழ் சரிபார்ப்பு என்றாலும் எல்லோரும் ஒரு நகல் கொடுக்க, நான் இரண்டு கொடுப்பேன். வாங்குகிறவர் ஒரு நொடி நிமிர்ந்து பார்ப்பார்.

வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றேன். அட்டெண்டர் ஒருவர் பீடி குடிக்க வந்தவர், எந்த ஊர் என்று கேட்டார். பாம்பன் என்றதும், நண்டு விலையெல்லாம் விசாரித்துவிட்டுச் சொன்னார்.

"தம்பி, இப்ப இஞ்சினியரிங் கவுன்சிலிங் நடக்குதுல்ல? இங்க சேந்திருக்கிற புள்ளைங்கள்ல பத்துப் பதினஞ்சு பேரு அங்க போயிரும். அப்ப வந்து டிசி வாங்கும். அந்த எடம் காலியாகும். முதல்ல காத்திருப்போர் பட்டியலப் பாப்பாங்க. அதுலயும் ஆள் வராது, அவங்கெல்லாம் வேற எங்கயாச்சும் பணங்கட்டிச் சேந்திருப்பாங்க. நீ பேரை எழுதிக் குடுத்துட்டு வாராவாரம் வந்து தலையக் காட்டு."

அந்த வருஷங்களை நினைத்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் பொறியியல் கல்லூரிகள் நானூறைத் தாண்டியிருந்த காலம். கவுன்சிலிங் ஜூலை முழுக்க ஓடும். கலைக் கல்லூரிகளோ ஜூனிலேயே திறந்துவிடும். பொறியியல் கிடைக்காவிட்டால் இருக்கட்டும் என்று பலர் முதலில் பி.எஸ்சி.யில் ஒரு துண்டைப் போட்டு வைப்பார்கள். அண்ணா பல்கலைக்கழகத்தில் பெயர் கூப்பிட்டதும் துண்டை உதறிக்கொண்டு போய்விடுவார்கள். காலியான இடமும் சும்மா இருக்காது. அது எந்த இடஒதுக்கீட்டுப் பிரிவில் காலியானதோ அந்தப் பிரிவில் அடுத்தவனுக்குப் போகும். ஆக, பாம்பனில் வரிசையின் வாலில் நிற்கும் எனக்கு இடம் கிடைக்க வேண்டுமென்றால், என் பிரிவில் முன்னால் நின்ற யாரோ ஒருவருக்குச் சென்னையில் நல்ல காலம் பிறக்க வேண்டும்.

நான் வேண்டிக்கொண்டேன். முகம் தெரியாத ஒருவருக்குப் பொறியியல் சீட் கிடைக்க வேண்டும் என்று மனதார வேண்டியவன் அந்த வருஷம் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

நான்கு தடவை போனேன். நாற்பது கிலோமீட்டருக்கு மேல். காசிருந்தால் பஸ், இல்லாவிட்டால் பாசஞ்சர் ரயில். ஒவ்வொரு தடவையும் அட்டெண்டர் அண்ணன் தூரத்திலிருந்தே கையை ஆட்டி இல்லை என்பார். மூன்றாவது தடவை மண்டபத்திலேயே இறங்கித் திரும்பிவிடலாமா என்றிருந்தது. அப்பாவுக்குத் தொழில் தொடங்கியிருந்தது. படகில் ஆள் குறைவு. "இங்கிட்டு வர்றதுன்னா வா, அங்கிட்டுப் போறதுன்னா போ. நடுவுல நிக்காத" என்று மட்டும் சொன்னார்.

நான்காவது தடவை அண்ணன் கையை ஆட்டவில்லை. கிட்ட வந்து, "விலங்கியல்ல ஒண்ணு. பதினேழாம் நம்பர் பொண்ணு டிசி வாங்கிட்டுப் போயிருச்சு. பணம் வச்சிருக்கியா?" என்றார்.

கட்டணம் ஆயிரத்துச் சொச்சம். என்னிடம் அறுநூறு இருந்தது. மீதியை அவர் தந்தார். அடுத்த வாரம் பணத்தோடு இரண்டு கிலோ கணவாயும் கொண்டுபோய்க் கொடுத்தேன். கணவாயை வாங்கிக்கொண்டு பணத்தை எண்ணிப் பார்த்தார். அது எனக்குப் பிடித்திருந்தது.

விலங்கியல் நான் கேட்ட பாடம் அல்ல. கேட்கும் நிலையிலும் இல்லை. கம்ப்யூட்டர் சயின்ஸ் என்றால் ஊரில் மதிப்பு. பி.காம். என்றால் புரியும். விலங்கியல் என்று சொன்னதும் பெரியப்பா, "மாட்டு டாக்டரா?" என்றார். இல்லை என்று விளக்கிக் கொஞ்ச நாள் பார்த்தேன், அப்புறம் ஆமாம் என்றே சொல்லிவிட்டேன்.

முதல் செமஸ்டரில் ஒருநாள் பேராசிரியர் முதுகெலும்பற்றவைக்கும் முதுகெலும்புள்ளவைக்கும் நடுவில் நிற்கிற ஒரு கடல்புழுவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். பலனோகிளாசஸ். மணலுக்குள் வளை தோண்டி வாழும். உலகம் முழுக்க விலங்கியல் படிக்கிறவர்களுக்குத் தெரிந்த உயிரி. "இந்தியாவில் இதைப் பார்க்க வேண்டுமென்றால் குருசடைத் தீவுக்குப் போகணும். பாம்பனுக்குப் பக்கம்" என்றார். எனக்குக் காது சூடானது. குருசடை எங்கள் கரையிலிருந்து பார்த்தால் தெரியும். சிறு வயதில் நான் முதலில் பார்த்த தீவே அதுதான். புத்தகத்தில் அதன் பெயரை ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா பாசி எடுக்கப் போகிறவர். விரலில் துணி சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு, இடுப்பில் பையைக் கட்டி மூழ்கி மரிக்கொழுந்துப் பாசி பறிப்பார். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சேர்த்து 1986இல் தேசியப் பூங்கா ஆக்கியதிலிருந்து அந்தப் பெண்களுக்கு வனத்துறையோடு ஓயாத தகராறு. அது தனிக் கதை, இன்னொரு நாள் எழுதுகிறேன். படத்தைக் காட்டினேன். மஞ்சளாக, தலைப்பக்கம் ஒரு மொட்டு மாதிரி.

"இதுவா? மண்ணத் தோண்டினா வருமே. கையில பட்டா ஆஸ்பத்திரி வாடை அடிக்கும்."

புத்தகத்தைத் திருப்பிப் பார்த்தேன். இரண்டு பத்தி தள்ளி எழுதியிருந்தது: இதன் உடலில் அயோடோஃபார்ம் மணம் வீசும். ஆஸ்பத்திரியில் புண்ணுக்குப் போடும் அதே சாமான். அம்மா மூன்றாம் வகுப்பு.

பதினேழாம் எண்ணுக்கு வருகிறேன். வருகைப் பதிவேட்டில் அந்தப் பெண்ணின் பெயர் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு, பக்கத்தில் 'டிசி' என்று இருந்தது. என் பெயர் கடைசியில், 43. அகர வரிசைப்படி என் பெயர் முன்னாலேயே வந்திருக்க வேண்டியது. ஆனால் பிந்தி வந்தவனுக்கு அகரம் கிடையாது. பெரும்பாலான ஆசிரியர்கள் பதினாறு, பதினெட்டு என்று தாண்டிவிடுவார்கள். தமிழ் ஐயா மட்டும் பழக்கதோஷத்தில் தீபாவளி வரைக்கும் "பதினேழு" என்று கூப்பிட்டுவிட்டு, ஒரு நிமிஷம் யோசித்து, "ஆங், போயிட்டாங்கள்ல" என்பார். அவர் அப்படி நிறுத்தும்போதெல்லாம் எனக்கு ஏதோ கடன்காரர் வாசலில் வந்து நிற்கிற மாதிரி இருக்கும். அந்தப் பெண் எந்த ஊர், எந்தக் கல்லூரிக்குப் போனார், முடித்தாரா, முடித்துவிட்டு வேலைக்குப் போனாரா எதுவும் தெரியாது. அந்தச் சமயத்தில் பொறியியல் படித்து வெளியே வந்த பலர் என்ன பாடு பட்டார்கள் என்பது மட்டும் தெரியும்.

நான் மூன்று வருஷத்தில் முடித்தேன். ஒரு அரியர் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். இப்போது ஒரு நண்டுக் கம்பெனியில் தரக் கட்டுப்பாட்டில் இருக்கிறேன். சதை பிரிக்கும் மேசையில் எங்கள் தெருப் பெண்கள் பாதிப் பேர் இருக்கிறார்கள். நான் வெள்ளைக் கோட்டும் தெர்மாமீட்டருமாக அவர்களைத் தாண்டிப் போகும்போது, "வர்றாருய்யா மாட்டு டாக்டர்" என்பார்கள்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் என் சொந்த அக்கா மகன். இந்த வருஷம் அவனுக்கு 600க்கு 247. எல்லாப் பாடத்திலும் பாஸ், கரையோரமாக. என் காலத்துக்கு இப்போது எவ்வளவோ வசதி. ராமேஸ்வரத்திலேயே கலாம் பெயரில் அரசுக் கலை அறிவியல் கல்லூரி வந்துவிட்டது. விண்ணப்பம் ஆன்லைனில், ஒரே இடத்தில் பல கல்லூரிக்குப் போடலாம். அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரி போகிற பையன்களுக்கு 2024இலிருந்து தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய். பெண்களுக்குப் புதுமைப் பெண் அதற்கு முன்பே வந்துவிட்டது. தடைக்கால நிவாரணமும் 8,000 ஆகிவிட்டது. இவ்வளவு இருந்தும், முதல் பட்டியலில் பெயர் வரவில்லை என்றதும் அவன் செய்தது நான் செய்ய நினைத்ததையேதான். போனை அணைத்து வைத்துவிட்டு, "நான் கடலுக்குப் போறேன் மாமா" என்றான்.

போனை முதலில் போடச் சொன்னேன். கல்லூரியிலிருந்து கூப்பிட்டு எடுக்காவிட்டால் அடுத்தவனுக்குப் போய்விடும். இந்தக் காலத்தில் வேப்பமரத்தடி அதுதான். அப்புறம் இரண்டு சனிக்கிழமை லீவு போட்டுவிட்டு அவனோடு போய் நின்றேன். கவுன்ட்டரில் ஒரு தங்கச்சி, ஆன்லைனில்தான் பார்க்க வேண்டும், நேரில் வரத் தேவையில்லை என்று மரியாதையாகவே சொன்னார். சரி என்றுவிட்டு அடுத்த வாரமும் போனோம். வரலாற்றில் ஒரு இடம் கிடைத்தது.

முதல் நாள் போய்விட்டு வந்தவனிடம், அட்டெண்டன்ஸில் உன் நம்பர் என்ன என்று கேட்டேன்.

"தெரியல மாமா. பேரச் சொல்லித்தான் கூப்பிட்டாங்க. கடைசி பேரு என்னோடது." சாப்பிட்டுக்கொண்டே சொன்னான். "நடுவுல மூணு பேரக் கூப்பிட்டாங்க, ஆளே இல்ல. பாலிடெக்னிக் பக்கம் போயிட்டாங்களாம். நேரா ரெண்டாம் வருஷத்துலயே சேத்துக்குறாங்களாம்ல."

"மூணு பேரா?"

அவன் தட்டிலிருந்து நிமிர்ந்து என்னைப் பார்த்தான். கையைக்கூடக் கழுவவில்லை. இடது கையால் போனை எடுத்து, உடன் படித்த பையனுடைய நம்பரைத் தேடிக்கொண்டிருந்தான்.